மருதியின் குரல்

மருதி "போ சாமி" என்றால் யானை திரும்பிப் போய்விடும். அந்தக் குரலைப் பதிவுசெய்து, வரப்போகும் நகரத்துக்காகக் காட்டைச் சுற்றிப் போட்ட வேலிகளிலெல்லாம் ஒலிக்கவிட்டார்கள். யானை தண்ணீர் குடிக்கப் போகும் ஆற்றங்கரையிலும் அந்தக் குரலே அதை விரட்டியது.

இன்று யானை எலும்பும் தோலுமாக அவள் வாசலுக்கே வந்து நின்றது.

"போகச் சொல்லுக்கா," என்றார் ஆபத்தை மதிப்பிடும் கருவியோடு வந்த அலுவலர் இன்பராஜ். "போகலேன்னா முரட்டு யானைன்னு பிடிச்சுட்டுப் போயிருவாங்க."

"எங்க போகச் சொல்றது, தம்பி? எல்லாப் பக்கமும் நாந்தானே விரட்டிட்டு இருக்கேன்."

மருதி தண்ணீர்க் குடத்தை எடுத்து வந்து, "வா சாமி, குடி," என்றாள்.

அவள் குரலைக் கேட்டதுமே யானை தலையைத் தாழ்த்தி, தள்ளாடியபடி திரும்பி நடந்தது.

மருதி வாயைப் பொத்திக்கொண்டாள். பேசாமல் குடத்தோடு அதன் பின்னால் போனாள். இன்பராஜும் கருவியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டார்.