கண்ணுக்கு இரண்டு சொட்டு

கூடத்தில் மூன்று பேர். அவள், அவள் கணவன், மாமியார்.

வாசலில் கீழ்வீட்டு ரெஜினா. இடுப்பில் மகன். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம்.

"மெட்ராஸ் ஐ வந்திருக்குக்கா. கண்ணு ரெண்டும் ஒட்டிக்கிச்சு. வைரஸாம். தானா போயிடும், மருந்து வேணாம்னுட்டாரு டாக்டரு. புள்ள ராவெல்லாம் கத்துறான். ரெண்டு சொட்டு பால் குடுத்தா போதும்க்கா."

மாமியார் முந்திக்கொண்டாள்.

"யாருகிட்ட வந்து தாய்ப்பால் கேக்குற? புதைச்ச மண்ணு இன்னும் காயல."

"இந்தத் தெருவுல பால் இருக்குறவங்க வேற யாரும்மா?"

"பால் குடுக்க இங்க புள்ள எங்கடி இருக்கு?"

கணவன் சுவரைப் பார்த்தான்.

அவள் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுகக் கட்டியிருந்தார்கள். பால் வற்றுவதற்கு. பூ வாங்கி வருவது கணவன்தான். வீட்டில் விசேஷமா என்று பூக்காரி கேட்டாளாம். ஆமாம் என்றானாம்.

பால் வற்றவில்லை.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. குளியலறையில் பீய்ச்சித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள்.

பையன் அழுதான். இமைகள் வீங்கி, மஞ்சளாகப் பொருக்குத் தட்டி, மூடிக் கிடந்தன. வெளிச்சம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் தலையை அங்கும் இங்கும் திருப்பினான்.

அவள் ரவிக்கை நனைந்தது.

எல்லோரும் பார்த்தார்கள்.

"வத்திப் போச்சுடி, கெளம்பு," என்றாள் மாமியார், நனைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே.

கணவன் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தான். "கடையில ஏதாவது சொட்டு மருந்து கேட்டு வாங்கியாரேன்."

அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

அவள் எழுந்தாள். வாசலுக்குப் போனாள்.

ரெஜினா கிண்ணத்தை நீட்டினாள்.

அவள் கிண்ணத்தை வாங்கவில்லை. பையனை வாங்கினாள்.

"கண்ணுல மட்டும் விடுக்கா," என்றாள் ரெஜினா. குரல் மாறியிருந்தது. "அவனுக்கு நான் பால மறக்கடிச்சிட்டேன்."

பையன் அவள் கழுத்தில் முகத்தை வைத்துத் துழாவினான். அழுகை நின்றது. கண் திறந்திருந்தால் அவளிடம் போயிருக்க மாட்டான்.

"அம்மா," என்றான்.

"ம்," என்றாள் அவள்.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் அவள் பையனோடு அறைக்குள் போயிருந்தாள்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.