குதிரை நின்ற வீடுகள்

லெசோத்தோ மலையில் மினி பஸ் கணவாயோடு நின்றுவிடும். அதற்கு மேல் குதிரைதான். மகள் விரும்பும் லெஃபாவின் வீட்டைப் பார்க்க, அவன் குதிரையிலேயே ஏறி வந்தாள் மாபுலெங். லெஃபா கடிவாளத்தைப் பிடித்து நடந்தான்.

“என் வீட்டுக்காரரும் வாராவாரம் ஆட்டுமந்தை பாக்க இந்த வழியாத்தான் வர்றாரு. திரும்பி வர இருட்டிடுது. பாதை மோசமாம்.”

லெஃபா நடையை வேகமாக்கினான்.

வெள்ளைக் கொடி பறந்த வீட்டின் முன் குதிரை தானாக நின்றது. கொடி பறந்தால் உள்ளே சோளக் கள் தயார்.

“நீ குடிப்பியாப்பா?”

“இல்லம்மா.”

அடுத்த கொடியிலும் குதிரை நின்றது.

“அப்போ குதிரைதான் குடிக்குதாக்கும்?”

லெஃபா தலைகுனிந்தபடி கடிவாளத்தை இழுத்தான்.

மூன்றாவது கொடியிலும் நின்றதும், “குதிரையைத் திருப்பு. பொண்ணு குடுக்கறதா இல்ல,” என்றாள்.

அதற்குள் அந்தக் கள் வீட்டுக்காரி குவளையோடு வெளியே வந்தாள்.

“என்ன லெஃபா, வாராவாரம் உன் குதிரையை வாடகைக்கு எடுத்துட்டு ஆடு பாக்க வருவாரே ஒரு ஐயா, அவரு வரலியா?”

மாபுலெங் லெஃபாவைப் பார்த்தாள்.

“ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?”

“மாமனாராகப் போறவரைக் காட்டிக்குடுக்கலாமாம்மா?”

மாபுலெங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“குதிரைய ஓட்டுங்க மாப்பிள்ளை, உங்க வீட்டுக்கே போகலாம். அடுத்த வாரத்துலேருந்து அவரு நடந்தே வரட்டும்.”