முகம் பார்க்கும் பூட்டு

'பீப்... பீப்... பீப்...'

கதவில் பதித்திருந்த கருவி மூன்றாவது முறையாக அலறிச் சிவப்பு விளக்கைக் காட்டியது. "முகம் பதிவில் இல்லை" என்றது அதற்குள்ளிருந்த பெண்குரல், துளியும் வருத்தமில்லாமல்.

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். கருவியின் கேமராமேல் படிந்திருந்த மஞ்சள் மகரந்தத் தூளைக் கைக்குட்டையால் துடைத்தான். வசந்தம் வந்துவிட்டால் தெரு மரங்களுக்குக் கொண்டாட்டம். அவனுக்கோ அடுக்குத் தும்மல், ஒழுகும் மூக்கு, எலுமிச்சம்பழம் போல வீங்கிய கண்கள்.

நேற்றும் இந்தப் பூட்டு தகராறு செய்தது. "முகம் தெளிவாக இல்லை, அருகில் வரவும்" என்று இரண்டு தடவை பிகு செய்துவிட்டு மூன்றாவது தடவை திறந்துவிட்டது. இன்று பத்து நிமிடமாக மசியவில்லை.

போனில் பூட்டுக்கான ஆப்பைத் திறந்தான். பாஸ்வேர்ட் கேட்டது. போட்டான். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

அழைப்பு மணியை அழுத்தினான். பதில் இல்லை. மனைவியின் செருப்பு வாசலில்தான் கிடந்தது. அவள் எண்ணுக்குப் போட்டான். கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அவளுடைய போன் ஒலித்து ஓய்ந்தது.

கதவில் காதை வைத்துக் கேட்டான்.

போன மாதம் சமையலறையில் தலைசுற்றி விழுந்தாள். எழுந்திருக்க முடியாமல் கிடந்தபடியே அவனைப் பதினோரு முறை கூப்பிட்டாள். புது வாட்ச்சைப் போனோடு இணைக்கும் மும்முரத்தில் இருந்த அவன், பதினோரு முறையும் அழைப்பைத் தள்ளிவிட்டான்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, அழுதீங்களா? கண்ணு இப்படிச் செவந்திருக்கு?"

"அலர்ஜி டீச்சர். இந்தப் பாழாப்போன பூட்டுக்கு என் மூஞ்சி தெரியல. அவ உள்ளதான் இருக்கா, போன எடுக்க மாட்டேங்குறா."

டீச்சருக்கு முகம் மாறியது. "ஐயையோ, மறுபடியும் விழுந்துட்டாளா? அன்னைக்காவது எங்கிட்ட ஒரு சாவி இருந்துச்சு, திறந்து தூக்கினேன். அதையும் வாங்கிட்டீங்களே!"

"எங்க இருந்தாலும் போன்லேயே திறந்து விடலாம்னுதான் டீச்சர் இதப் போட்டேன்..."

"நல்லாத் திறந்தீங்க போங்க!"

வாய் திட்டினாலும் கை சும்மா இருக்கவில்லை. ஐஸ் கட்டி கொண்டுவந்தார், கண்ணுக்குச் சொட்டு மருந்து கொண்டுவந்தார். அவன் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மீண்டும் கருவியின் முன் நின்றான்.

"பதியுறப்போ சிரிச்சுக்கிட்டு இருந்தீங்களோ என்னவோ. கொஞ்சம் சிரிங்க தம்பி!"

சிரித்துப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டது.

"முகம் பதிவில் இல்லை."

இரண்டு கையாலும் கதவைத் தட்டினான். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். மாடிப்படி முழுக்க எதிரொலித்தது, வீட்டுக்குள் அசைவில்லை.

"காலைல எப்படி இருந்தா? சோர்வா இருந்தாளா?" என்றார் டீச்சர்.

அவன் யோசித்தான். காலையில் பூட்டுக்கு ஏதோ அப்டேட் வந்திருந்தது. அவன் போனுக்குள் தலையை விட்டிருந்தான். "இன்னைக்காவது பேசலாமா?" என்று அவள் பக்கத்தில் வந்து நின்றது நினைவிருந்தது. "ம்" என்றதும் நினைவிருந்தது. அவள் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அவன் போன் போட்ட இருபது நிமிடத்தில் பூட்டு மெக்கானிக் வந்து சேர்ந்தான். கருவியின் அடியில் ஒரு ஒயரைச் செருகி, கையிலிருந்த குட்டித் திரையைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"வீட்ல எத்தன பேர் சார்?"

"நானும் அவளும்தான். எதுக்குக் கேக்குற?"

"இல்ல... சும்மாதான்." மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "மேடத்த இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாருங்களேன்."

"பத்து தடவ கூப்பிட்டாச்சுய்யா!"

"இன்னும் ஒரே ஒரு தடவ சார்."

கூப்பிட்டான். உள்ளே மணி முழுதாக அடித்து அடங்கியது. பதினோராவது அழைப்பு.

அவன் கதவிலேயே நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"அன்னைக்கு மட்டும் நான் போன எடுத்திருந்தா..." மெக்கானிக் பக்கம் திரும்பினான். "ஓட்டை போடுய்யா! கதவே போனாலும் பரவால்ல. அவளுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்!"

மெக்கானிக் தயங்கித் தயங்கி டிரில்லிங் மெஷினை எடுத்தான். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். மெஷின் உறுமியது.

அப்போதுதான் கருவியின் ஸ்பீக்கர் கரகரத்தது. மெஷினை நிறுத்திவிட்டு மெக்கானிக் ஓரடி பின்வாங்கினான்.

உள்ளிருந்து அவன் மனைவியின் குரல், நிதானமாக வந்தது:

"பூட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, உடைச்சுடாதீங்க. அவர் முகத்த அதுலேர்ந்து அழிச்சது நான்தான்."