இரண்டே படிகள்

இதய அறுவை சிகிச்சை நிபுணர் ஆறு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். நோயாளிக்கு அரிய வகை ரத்தம் வேண்டும் என்றதும் முதல் ஆளாகக் கையை நீட்டிய அந்த அம்மாள், வாசலிலேயே பழியாய்க் கிடந்தாள்.

“பிழைச்சுட்டாரா, டாக்டர்?”

“கண்டம் தாண்டிட்டாரும்மா. நெஞ்சுல வெடிக்க இருந்த பெரிய ரத்தக் குழாயை எடுத்துட்டு, செயற்கைக் குழாய் வெச்சுட்டோம்.”

“ரெண்டு படி ஏறி, ஒரு மணி நேரம் நிக்க முடியுமா?”

“மூணு மாசத்துல தாராளமா! உங்க வீட்டுக்காரருக்கு இனி நெஞ்சைப் பத்திக் கவலையே வேண்டாம்.”

“வீட்டுக்காரர் இல்லை, டாக்டர். குடிச்சுட்டு என் மகளைக் கார் ஏத்திக் கொன்னவன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏழு வருஷமா இந்த நெஞ்சைக் காட்டியே வாய்தா வாங்கிட்டிருந்தான். கோர்ட்டுக் கூண்டுக்கு ரெண்டே படிதான். இனி ஏறட்டும்.”