அருவிக்குப் பின்னால்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிராம் ஓட்டுநர் விட்டோல்ட் நாங்கள் உருவாக்கும் கணினி விளையாட்டை ஆடிப் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு நாங்கள் தெரிய மாட்டோம், நாங்கள் பேசுவதும் கேட்காது. கிராக்கோ நகரின் சாம்பல் நிற மாலை சன்னலில் நிற்கிறது. திரையில் அருவி கொட்டுகிறது. அதற்குப் பின்னால், எங்கள் ஓவியர் யாத்விகா ஓராண்டாக உட்கார்ந்து வரைந்த குகை இருக்கிறது. இதுவரை ஆடிய யாரும் அதற்குள் போகவில்லை. இவரும் போகாவிட்டால் குகையை எடுத்துவிடுவதாக முடிவாகியிருக்கிறது. விட்டோல்ட் தன் வீரனை அருவி முன்னால் நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். யாத்விகாவின் கையில் கடித்த ஆப்பிள் பழுப்பேறுகிறது. "வாசனை பிடிச்சுட்டாரு, உள்ள போயிடுவாரு பாரு," என்கிறார் மேலாளர் செஸாரி. "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க," என்கிறாள் அவள். திரையின் மூலையில், பாலத்தைக் காட்டி மஞ்சள் அம்பு மின்னுகிறது. ஆடுபவர்கள் வழிதவறுகிறார்கள் என்று செஸாரி சொன்னதால் போன வாரம் அவளே வைத்த அம்பு. விட்டோல்ட் அதைப் பார்க்கிறார், திரும்புகிறார், பாலத்தின் மேல் ஓடுகிறார். அருவியின் சத்தம் தேய்ந்துபோகிறது.

ஆட்டம் முடிந்ததும் செஸாரி கதவைத் திறந்து, எது பிடித்தது என்று கேட்கிறார்.

"அந்த அருவிதாங்க. பின்னாடி என்னமோ இருக்குன்னு தோணுச்சு."

"அப்ப ஏன் போகல?"

"அம்பு வேற பக்கம் காட்டுச்சே. நாள் பூரா தண்டவாளத்துல போறவன் நான். சிக்னல் விழுந்தா கிளம்பிடுவேன்."

எல்லோரும் சிரிக்கிறார்கள். யாத்விகா ஆப்பிளின் பழுப்பான பக்கத்தைக் கடித்து மெல்கிறாள்.