படகுக்குப் பயந்தவர்

"பயப்படாதீங்க சார், படகெல்லாம் கவிழாது!"

டீக்கடை அம்மாவின் குரல் கேட்டு மஞ்சள் சட்டைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் இருந்த டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. கரையிலிருந்து தீவுக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் படகைத்தான் இத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னம்மா பயம்? சைக்கிள்ல தீவைச் சுத்திட்டு, ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கி ஜாலியா இருக்க வந்தவன் நான்."

"அதான் பெரிய படகை விட்டுட்டு, விடியக்காலையில மீன் படகுல தொத்திக்கிட்டு வந்தீங்களாக்கும்? தனியாவா வந்தீங்க?"

"வீட்டுல துரத்தி விட்டுட்டாங்க. ஒருநாளாவது கண்ணுல படாம எங்கேயாவது போய் இருங்கன்னு."

"அது சரி! அவங்களும் கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று சிரித்தாள் அவள்.

படகு துறையைத் தொட்டது. அவர் பெருமூச்சு விட்டு, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு சைக்கிளில் ஏறினார்.

பின்காற்று தள்ளியதில் சைக்கிள் மிதிக்காமலே ஓடியது. பின்னால் கட்டியிருந்த சட்டியும் கரண்டியும் கடகடவென்று தாளம் போட, வாய்க்கு வந்ததைப் பாடினார். கேட்க ஆளில்லை என்பதே பாதி சுகம். இறக்கத்தில் இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு "ஹோய்!" என்று கத்தினார். நரைத்த தலைக்குப் பொருந்தாத கூத்துதான். மணலில் சக்கரம் புதைந்து பொத்தென்று விழுந்தபோதுகூட சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் படகின் ஊதல் கேட்டால் போதும், பாட்டு நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி, படகு பத்திரமாகக் கரை சேரும்வரை நின்று பார்ப்பார். அப்புறம்தான் அடுத்த மிதி.

மாலையில் மறுபடி டீக்கடை முன்னால் வந்து நின்றார்.

"திரும்பவும் இங்கேயேவா?"

"தீவு வட்டமா இருந்தா நான் என்னம்மா செய்வேன்?"

அப்போது படகிலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, படகு ரொம்ப ஆடுச்சா?"

"தெரியலையே தம்பி. ஏறி உக்காந்ததும் தூங்கிட்டேன்."

மஞ்சள் சட்டைக்காரர் முகம் மலர்ந்துபோயிற்று. "அம்மா, ஐயாவுக்கு ஒரு டீ போடுங்க! என் கணக்கு!"

பெரியவர் ஒன்றும் புரியாமல் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

"இன்னிக்குப் புதுசா ஒரு சின்னப் பொண்ணு ஓட்டுதாம்ல? அதான் உங்களுக்கு உதறுதா?" என்றாள் டீக்கடை அம்மா.

"பொண்ணு ஓட்டினா என்னவாம்?" அவர் குரல் சட்டென்று உயர்ந்தது.

"கோச்சுக்காதீங்க. நல்லாத்தான் ஓட்டுது. முன்ன ஓட்டினவரும் கெட்டிக்காரர்தான். ஆனா தலைக்கனம். இத்தனை வருஷத்துல ஒருநாள் இறங்கி என் கடையில ஒரு டீ குடிச்சதில்ல. கண்ணாடிக் கூண்டுக்குள்ள வெள்ளைத் தொப்பி மட்டும்தான் தெரியும். மூஞ்சி எப்படின்னுகூட எங்களுக்குத் தெரியாது."

"நேரம் இருந்திருக்காதும்மா" என்று சொல்லிவிட்டு, அவர் மணலில் கூடாரம் போடப் போய்விட்டார்.

கடைசிப் படகு வரும்போது காற்று வலுத்துவிட்டது. ஊதல் கேட்டதும் கூடாரத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"சார், கூடாரம் பறக்குது!"

"பறக்கட்டும்!"

அலையில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் கடையோரம் நிறுத்தியிருந்த சைக்கிளின் ஹாண்டில்பாரை இறுகப் பிடித்து, மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். படகும் இடப்பக்கம் திரும்பி, கொஞ்சமும் இடிக்காமல் துறையோடு ஒட்டி நின்றது. அவர் அப்படியே மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வேலியில் மாட்டிய கூடாரத்தை இழுத்துக்கொண்டு வந்த டீக்கடை அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இவ்வளவு பயந்தாங்கொள்ளியா இருந்துக்கிட்டு நாளைக்கு எப்படி சார் வீடு போய்ச் சேருவீங்க?"

பயணிகள் எல்லாரும் போன பிறகு, படகு ஓட்டிய பெண் இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள்.

"அக்கா, ரெண்டு டீ. திரும்பிப் போகப் பத்து நிமிஷம் இருக்கு."

தன் தலைக்குப் பெரிதாக இருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, மஞ்சள் சட்டைக்காரரின் தலையில் வைத்து அழுத்தினாள்.

"நான் படகு ஓட்டுற முதல் நாளு, கண்ணுல படாம எங்கேயாவது போய் இருங்கன்னா, எந்த மேட்டைப் பார்த்தாலும் மஞ்சச் சட்டையா நிக்குதே, அப்பா!"

டீக்கடை அம்மா அவசரமாக இரண்டு டீ ஆற்றி நீட்ட, இத்தனை வருஷமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் மட்டுமே தெரிந்த அந்தத் தொப்பி, முதல்முறையாக அவள் கடையில் சூடாக ஒரு டீ குடித்தது.