பச்சைத் தண்ணீர்ப் போத்தல்கள்

கற்பிட்டியில், தன் வீட்டு வளவில் வெயிலில் நின்ற, பாசி வளர்ந்து பச்சையான தண்ணீர்ப் போத்தல்களைச் சபூரா அவசரமாகச் சாக்குப் போட்டு மூடினாள்.

"மாப்பிள ஊட்டு ஆக்கள் வாற நேரம். பாசி வளக்கிற புள்ளயெண்டு தெரிஞ்சா கலியாணம் நடக்குமா?"

"கண்ணாடித் தொட்டியில வளர்ற மீன்குஞ்சுகளுக்கு இதுதானே உம்மா சாப்பாடு. கடைக்கு வித்துக் காசும் வருது. இதுல என்ன வெக்கம்?" என்றாள் மகள் மிஸ்ரியா.

புத்தளத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேரே வளவுக்குப் போனார். சாக்கை விலக்கி, ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சபூராவும் மிஸ்ரியாவும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"இத ஆரு வளக்கிற?"

"நான்தான் மாமி," என்றாள் மிஸ்ரியா.

"எங்கட மகன் அலங்கார மீன் வளக்கிறான். பொரிக்கிற குஞ்செல்லாம் செத்துப்போகும். கடையில இந்தத் தண்ணிய வாங்கின பொறகுதான் தப்புது. இவ்வளவு நல்லா வளக்கிற ஆள் ஆரெண்டு கடைக்காரரிட்ட கேட்டான். கற்பிட்டியில ஒரு புள்ளயெண்டு சொன்னாராம். அந்தப் புள்ளயத்தான் கேட்டு வரச் சொல்லி என்னைய அனுப்பினான்."

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சபூரா வாயெடுத்தாள். மகள் முந்திக்கொண்டாள்.

"இந்த முற எத்தின குஞ்சு தப்பிச்சுது மாமி?"